ஷிபால்பாவுக்குக் கிளம்பிய தம்பிகள்

"அக்கா, அம்மா எப்ப வருவா?"

காலையிலிருந்து இது பதினேழாவது முறை. தாலின் எண்ணிக்கொண்டே வந்தாள்.

"தெரியாதுடா."

"நாளைக்கா?" என்றான் தூன்.

"தெரியாதுன்னு சொல்றேன்ல?"

"அப்ப நாளன்னிக்கா?" என்றான் பலாஸ்.

பலாஸும் தூனும் இரட்டையர்கள். ஆறு வயது. ஒருவன் விட்ட இடத்திலிருந்து மற்றவன் தொடங்குவான். அதனால் அவர்களுடைய கேள்விகள் முடிவதே இல்லை.

தாலினுக்குப் பதினோரு வயது. அவள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து மக்காச்சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். புகை கண்ணை எரித்தது. மனசு அடுப்பில் இல்லை.

மூன்று நாளுக்கு முன்பு அம்மாவுக்குத் திடீரென்று வயிற்று வலி வந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நிற்கவும் முடியவில்லை. அப்பா அவளைப் போர்வையில் சுற்றி, ஒரு பிக்கப் வண்டியின் பின்னால் படுக்கவைத்து, நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மலைப்பாதையில் ஐந்து மணி நேரம். நேற்று போனில் பேசினார். "நாளைக்குக் காலையில ஆபரேஷன்" என்றார். அந்த நாளைதான் இன்று. இன்னும் போன் வரவில்லை.

அது போதாதென்று, காலையில் மாவு மில்லில் ஒரு சம்பவம். தாலின் வேகவைத்த சோளத்தை அரைக்கப் போயிருந்தாள். தம்பிகள் அவள் பாவாடையைப் பிடித்தபடி நின்றார்கள். முன்னால் நின்ற இரண்டு பெண்கள் குசுகுசுவென்று பேசினார்கள்.

"பாவம், ஷிபால்பா வழியில ஒரு கால் வச்சாச்சு" என்றாள் ஒருத்தி.

ஷிபால்பா என்றால் கீழுலகம். செத்தவர்கள் போகும் இடம். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். தாலினைக் கண்டதும் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். தம்பிகளுக்கு அது காதில் விழுந்திருக்காது என்று தாலின் நினைத்தாள்.

"சொல்லுக்கா, நாளன்னிக்கா?" என்றான் தூன். இது பதினெட்டாவது முறை.

தாலினுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"எனக்கென்னடா தெரியும்? என்னையே ஏன் பிச்சுப் பிடுங்குறீங்க? போய் அந்த ஷிபால்பாக்காரங்களையே கேளுங்க!"

தம்பிகள் வாயை மூடினார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்லில் கிடந்த ரொட்டி கருகத் தொடங்கியது. தாலின் அதைத் திருப்பிப் போடக் குனிந்தாள். அதனால் அவர்கள் பார்த்துக்கொண்ட பார்வையை அவள் கவனிக்கவில்லை.

மதியம், துணிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு ஊர்த் தொட்டிக்குப் போய்த் துவைத்துவிட்டு வந்தாள். துணைக்கு வந்து தங்கியிருந்த ஷெப்பா சித்தி சோளக்காட்டில் களை கொத்தப் போயிருந்தாள்.

வீடு அமைதியாக இருந்தது.

அந்த இரட்டையர்கள் இருக்கும் வீடு அமைதியாக இருந்தால் ஒன்று அவர்கள் தூங்க வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ உடைந்திருக்க வேண்டும். தாலின் கட்டிலைப் பார்த்தாள். யாரும் தூங்கவில்லை. பாத்திரங்களைப் பார்த்தாள். எதுவும் உடையவில்லை.

"பலாஸ்! தூன்!"

கோழிக்கூண்டில் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். தோட்டத்தில் இருந்த நீராவிக் குளியல் குடிலுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பீச் மரத்தின் மேலே பார்த்தாள். இல்லை.

வீட்டுக்குள் திரும்பி வந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மூலையில் எப்போதும் கிடக்கும் ரப்பர் பந்து அங்கே இல்லை. அடுப்புப் பற்றவைக்கும் பைன் சிராய்க் கட்டு இல்லை. தீப்பெட்டி இல்லை. சாயங்காலக் குழம்புக்காகச் சித்தி கொண்டுவந்து வைத்திருந்த பூசணிக்காயும் இல்லை.

பந்து சரி. சிராயும் தீப்பெட்டியும்கூடச் சரி, விஷமம் செய்ய எடுத்திருப்பார்கள். பூசணிக்காய் எதற்கு?

தாலின் அப்படியே நின்றாள். 

அப்பா சொல்லும் கதை ஒன்று உண்டு. அந்த ஊரில் எல்லா அப்பாக்களும் சொல்லும் கதைதான். வெகுகாலத்துக்கு முன்பு உனாபூ, இஷ்பலான்கே என்று இரட்டைச் சகோதரர்கள் இருந்தார்கள். பந்து விளையாட்டில் அவர்களை அடிக்க ஆளில்லை. அவர்கள் பந்து தட்டும் சத்தம் பூமிக்கடியில் ஷிபால்பா வரைக்கும் கேட்டது. அங்கே ஒன்றாம் சாவு, ஏழாம் சாவு என்று இரண்டு ராஜாக்கள். 'யாரடா அது எங்கள் தலைக்குமேல் குதிப்பது?' என்று கோபப்பட்டு, ஆந்தைகளை அனுப்பி இருவரையும் கீழே வரவழைத்தார்கள்.

"ஒண்ணாம் சாவு, ஏழாம் சாவு இருக்காங்க. ரெண்டுலேருந்து ஆறு வரைக்கும் எங்கப்பா?" என்று தூன் ஒவ்வொரு முறையும் கேட்பான்.

"லீவுல போயிருக்காங்க" என்பார் அப்பா.

கீழே அவர்களுக்குப் பல சோதனைகள். இருட்டு வீடு, குளிர் வீடு, கத்தி வீடு. கடைசியில் வௌவால் வீடு. அங்கே ஒரு பெரிய வௌவால் உனாபூவின் தலையையே வெட்டிவிடும். தம்பி இஷ்பலான்கே கலங்கமாட்டான். ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து அண்ணன் கழுத்தில் தலையாக வைப்பான். அதை வைத்துக்கொண்டே மறுநாள் ஆடி, ராஜாக்களை ஏமாற்றி, உண்மைத் தலையை மீட்டுவிடுவார்கள்.

பந்து விளையாட. சிராய் இருட்டுக்கு. பூசணிக்காய் தலைக்கு.

'போய் அந்த ஷிபால்பாக்காரங்களையே கேளுங்க!' சொன்னது யார்? தாலினேதான். கீழுலகத்துக்கு வாசல் குகைதான் என்று அப்பா சொல்வார்.

அவள் வெளியே ஓடினாள். பக்கத்து வீட்டு எவுலாலியா அக்கா முற்றத்தில் தறி போட்டு நெய்துகொண்டிருந்தாள்.

"அக்கா! தம்பிங்க ரெண்டு பேரும் மெழுகுவத்திக் குகைக்குப் போயிருக்கானுங்க. நான் கூட்டிட்டு வரேன். சித்திகிட்ட சொல்லுங்க!"

எவுலாலியா வானத்தை அண்ணாந்து பார்த்தாள். மலைக்குப் பின்னால் மேகம் கருத்துத் திரண்டிருந்தது.

"மழை வரப்போகுதேடி! இரு, நானும்..."

"நீங்க சித்தியைக் கூட்டிட்டு வாங்க. எனக்கு நிக்க நேரமில்ல!"

மெழுகுவர்த்திக் குகை ஊருக்கு மேலே, பைன் காட்டுக்குள் இருந்தது. விதைப்புக்கு முன்பு ஊர்க்காரர்கள் அங்கே போய் மெழுகுவர்த்தி ஏற்றி, குங்கிலியம் புகைத்து, மலைச்சாமியிடம் மழை கேட்பார்கள். தாலின் மூச்சிரைக்க ஓடி வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

உருகி உறைந்த மெழுகு. சாம்பல். பழைய பூக்கள். அவ்வளவுதான்.

"பலாஸ்! தூன்!"

குகைதான் பதில் சொன்னது. தூன்... தூன்... என்றது.

தாலினுக்கு அழுகை வந்தது. இங்கே இல்லையென்றால் வேறு எங்கே? இந்த மலையில் எத்தனை குகைகள், எத்தனை பொந்துகள்! அழுதால் கண் மறைக்கும், கண் மறைத்தால் தேட முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூக்கை அழுத்தித் துடைத்தாள்.

'அவனுங்க மாதிரி யோசிக்கணும். அவனுங்க கதையில இருக்கானுங்க.'

கதையில் சகோதரர்கள் எப்படிப் போனார்கள்? நான்கு பாதைகள் சந்திக்கும் இடம் வரும். சிவப்புப் பாதை, வெள்ளைப் பாதை, மஞ்சள் பாதை, கறுப்புப் பாதை. கறுப்புப் பாதைதான் ஷிபால்பாவுக்குப் போகும்.

குகைக்குக் கீழே பாதைகள் பிரியும் இடத்துக்கு ஓடினாள். ஒன்று செங்கல் சூளைக்குப் போகும் செம்மண் பாதை. ஒன்று ஊருக்கு. மூன்றாவது கரி சுடுகிறவர்கள் கோவேறு கழுதையில் மூட்டை ஏற்றிப் போகும் பாதை. மூட்டையிலிருந்து சிந்திச் சிந்தி அந்தப் பாதை முழுக்கக் கரித்தூள்.

கறுப்புப் பாதை!

தாலின் குனிந்து பார்த்தாள். கரித்தூளில் சின்னச் சின்னக் காலடிகள். இரண்டு ஜோடி. நடுவில் ஏதோ உருண்டு போன அகலமான தடம். பூசணிக்காய் கனமாக இருந்திருக்கும். தூக்கி அலுத்து, உருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஒரு நொடி அவளுக்கு உயிர் வந்தது. அடுத்த நொடி போய்விட்டது. அந்தப் பாதை ஓடைப் பள்ளத்தில் இறங்குகிறது. பள்ளத்தின் அடியில் இருப்பது ஆடுவிழுங்கி.

ஆடுவிழுங்கி என்பது பாறையில் இருந்த ஒரு துளை. வெயில்காலத்தில் ஓடை காய்ந்து கிடக்கும்போது அது வெறும் பொந்துதான். மழை பெய்தால் மலைத்தண்ணீர் முழுக்க அங்கே வந்து துளைக்குள் இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு வெள்ளாடு வெள்ளத்தோடு உள்ளே போனது. திரும்பி வரவே இல்லை. முதல் மழை தொடங்கினால் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

தூரத்தில் மலை உறுமியது.

தாலின் ஓடவில்லை. உருண்டாள், சறுக்கினாள், முட்செடியைப் பிடித்துக் கையைக் கிழித்துக்கொண்டாள். பள்ளத்தின் அடியில் போய் விழுந்து எழுந்தாள். துளையின் வாயிலிருந்து பைன் பிசின் எரியும் வாசனை வந்தது.

"பலாஸ்! தூன்! அக்கா வந்துட்டேன்!"

பதில் இல்லை.

மண்டிபோட்டு உள்ளே நுழைந்தாள். ஏழெட்டடி தூரத்தில் துளை குறுகிக்கொண்டே போய் ஒரு சந்து மட்டும் இருந்தது. சந்துக்கு அப்பால் மஞ்சளாக வெளிச்சம் ஆடியது. தாலின் தலையை நுழைத்தாள். தோள் நுழையவில்லை. எப்படித் திரும்பினாலும் நுழையவில்லை.

"டேய், உள்ளதானே இருக்கீங்க? வெளில வாங்க!"

ஒரு விக்கல் சத்தம் கேட்டது. பிறகு ரகசியக் குரல்.

"பேசாதடா. அக்கா மாதிரியே கூப்பிடுறாங்க."

"ஆமா. நம்மளை ஏமாத்தப் பாக்குறாங்க."

"நான்தான்டா! தாலின்!"

"அவங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றது பலாஸின் குரல்.

தாலினுக்கு அவனை அறையலாம் போல இருந்தது. ஆனால் கை எட்டாது.

"என்ன கேள்வி வேணும்னாலும் கேளு, பதில் சொல்றேன்."

உள்ளே ஆலோசனை நடந்தது.

"தூனுக்கு மச்சம் எங்க இருக்கு?"

"இடது காதுக்குப் பின்னாடி."

"அது ஊருக்கே தெரியும். சாவு ராஜாவுக்குத் தெரியாதா?"

மறுபடி ஆலோசனை.

"சரி, கையை உள்ள நீட்டு" என்றான் பலாஸ். "கதையில அவங்க வாசல்ல மரப்பொம்மையை உக்கார வச்சு ஏமாத்துவாங்க. கடிச்சா தெரிஞ்சிடும். மரப்பொம்மை கத்தாது."

தாலின் கையைச் சந்துக்குள் நீட்டினாள். உள்ளே ஏதோ அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கடித்தது.

"ஐயோ! தூன், விடுடா!"

பிடி தளர்ந்தது.

"கடிச்சது நான்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ என்னைப் பாக்கவே இல்லியே?" என்றான் தூன் சந்தேகத்தோடு.

"முன்பல்லு ரெண்டும் இல்லாம கடிக்கிறவன் இந்த உலகத்துல நீ ஒருத்தன்தான்டா! ஓரமா மட்டும் குத்துது, நடுவுல ஈரமா இருக்கு!"

"அக்காதான்!" என்று தூன் கூவினான். "பலாஸ், நம்ம அக்காதான்!"

"தெரியுது. வெளில போகாத. ஆட்டம் இன்னும் முடியல."

"என்னடா ஆட்டம்?" என்றாள் தாலின்.

"பந்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டோம். இன்னும் வரல அவங்க" என்றான் பலாஸ். "வந்தா, ஆடுவோம். நாங்க ஜெயிச்சா அம்மாவை விட்டுடணும். மில்லுல அந்தம்மா சொன்னாங்கல்ல, அம்மா இங்க ஒரு கால் வச்சுட்டான்னு? இன்னொரு கால் வைக்கிறதுக்குள்ள ஜெயிக்கணும்."

"நீயும் சொன்னியே" என்றான் தூன். "அவங்களையே போய்க் கேளுங்கன்னு."

தாலின் தலையை இன்னும் உள்ளே தள்ளப் பார்த்தாள்.

வெளியே இடி இடித்தது. பாறை அதிர்ந்தது. தரையில் ஊன்றியிருந்த கை நனைவது போலிருக்க, குனிந்து பார்த்தாள். விரல் தடிமனில் தண்ணீர், அவள் முழங்காலை உரசிக்கொண்டு, சந்துக்குள் போய்க்கொண்டிருந்தது. மேலே மலையில் மழை தொடங்கிவிட்டது.

"தண்ணி வருதுடா! சீக்கிரம் வாங்க!"

"உனாபூ பயந்தாரா?" என்றான் பலாஸ். "நாங்களும் பயப்பட மாட்டோம்."

அவன் பிடிவாதம் தாலினுக்குத் தெரியும். அம்மா எண்ணெய் தேய்க்கக் கூப்பிட்டாலே கட்டில் காலைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் விடமாட்டான். உள்ளே போய்த் தூக்கிவரவும் வழியில்லை. அவளால் அனுப்ப முடிந்தது சொற்களை மட்டும்தான்.

ஒரே ஒரு சொல் போதும். 'அம்மா வந்துட்டா.' அதைச் சொன்னால் அடுத்த நொடி இருவரும் வெளியே இருப்பார்கள். தாலின் வாயைத் திறந்தாள்.

வீட்டுக்கு ஓடுவார்கள். கதவைத் திறப்பார்கள். உள்ளே அம்மா இருக்கமாட்டாள். அந்த இரண்டு முகங்களையும் நினைத்துப் பார்த்தாள். வாயில் வந்த சொல்லை விழுங்கினாள்.

"பலாஸ், கேளு. கதையில முதல் சோதனை என்ன?"

"இருட்டு வீடு."

"இருட்டு வீட்டுல யாரையாவது அடிச்சாங்களா? பந்து விளையாடினாங்களா?"

பலாஸ் யோசித்தான். "இல்ல. சும்மா உக்காந்திருந்தாங்க. விடியிற வரைக்கும்."

"ரெண்டு பேரும் சேர்ந்துதானே?"

"சேர்ந்துதான்."

"நம்ம வீட்டுல இப்ப அம்மா இல்ல, அப்பா இல்ல. போன் வரல. என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியல. அதுதான்டா இருட்டு வீடு. அதுல என்னை மட்டும் விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் ஓடி வந்துட்டீங்க." தாலினின் குரல் உடைந்தது. "எனக்குப் பயமா இருக்குடா. மூணு நாளா பயமா இருக்கு. காலையில அதனாலதான் கத்தினேன். நான் சொன்னது தப்பு. எனக்குத் துணைக்கு ஆள் வேணும்."

 தண்ணீர் ஓடும் ஒலி மட்டும்.

"அக்காவுக்குப் பயமாம்" என்றான் தூன், நம்பமுடியாமல்.

"கேட்டேன்" என்றான் பலாஸ். அவன் குரலில் இருந்த வீரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அக்காவைத் தனியா விடக் கூடாதுடா. வா, போலாம்."

"முதல்ல என் தலையைப் பிடி!" என்று தூன் கத்தினான். சந்துக்குள்ளிருந்து பூசணிக்காய் உருண்டு வந்தது.

"அதை விட்டுட்டு வாடா!"

"தலை இல்லாம எப்படி வர்றது?"

தாலின் பூசணிக்காயைப் பிடுங்கிப் பின்னால் உருட்டினாள். அடுத்து தூனின் கைகள் வந்தன. இழுத்தாள். சேறும் கரியுமாக ஒரு உருவம் வெளியே வந்து விழுந்தது.

"மேல ஏறு! கரைக்கு ஓடு! திரும்பிப் பாக்காத!"

தண்ணீர் இப்போது மணிக்கட்டுவரை வந்துவிட்டது. உள்ளே ஸ்ஸென்று ஓர் ஒலி. மஞ்சள் வெளிச்சம் அணைந்தது.

"அக்கா!" பலாஸ் அலறினான். "சிராய் நனைஞ்சிடுச்சு! ஒண்ணும் தெரியல!"

"நான் இங்கதான் இருக்கேன். என் குரல் வர்ற பக்கமா வா. இங்க... இங்க... தவழ்ந்து வா... இங்க..."

தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவினாள். பாறை. மண். தண்ணீர். மறுபடி பாறை. 

"இங்க... பலாஸ்... இங்க..."

ஈரமான சின்ன விரல்கள் அவள் விரலைத் தொட்டன. தாலின் பிடித்தாள். பிடித்த பிடியில் இழுத்தாள். பலாஸின் ஒரு கையில் இன்னும் பந்து இருந்தது. அது சந்தில் மாட்டிக்கொண்டது.

"பந்தை விடு!"

பலாஸ் விட்டான். தண்ணீர் அதை உள்ளே கொண்டுபோனது.

இருவரும் வெளியே வந்து கரையில் தொற்றி ஏறினார்கள். மேலே நின்ற தூன் இரண்டு கைகளையும் நீட்டி, தன்னால் முடிந்த மட்டும் அக்காவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு இரைச்சல் கேட்டது. கிளைகளையும் கற்களையும் உருட்டிக்கொண்டு செந்நிற வெள்ளம் பாய்ந்து வந்து, அவர்கள் சற்று முன் தவழ்ந்த துளைக்குள் மடமடவென்று இறங்கியது. துளை நிறைந்து, குபுக்கென்று பெரிதாக ஒரு சத்தம் விட்டது.

மூவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"ஏப்பம் விடுது" என்றான் தூன் மெதுவாக.

தாலின் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு தம்பிகளையும் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மழை மூவர்மேலும் கொட்டியது.

அப்படித்தான் ஷெப்பா சித்தியும் எவுலாலியா அக்காவும் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் தலைக்குமேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் பிடித்துக்கொண்டு, குகையில் யாருமில்லாததைக் கண்டு கரிப்பாதையில் தடம் பார்த்து, வழி நெடுக வழுக்கி விழுந்து எழுந்து வந்திருந்தார்கள். தூன் கரைக்குத் தூக்கி வந்து போட்டிருந்த பூசணிக்காய் எவுலாலியாவின் காலில் இடறியது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள்.

சித்தி மூவரையும் ஒரே மூச்சில் திட்டினாள். அதே மூச்சில் கட்டிக்கொண்டாள். யாரை எதற்குத் திட்டுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பந்து போயிடுச்சு சித்தி" என்றான் பலாஸ்.

"போகட்டும்! உயிரா முக்கியம், பந்தா?"

"இல்ல, அவங்ககிட்ட இருக்கட்டும்னு சொல்றேன். பழகிக்கட்டும்."

"யாருடா?"

 எவுலாலியா பூசணிக்காயைக் காட்டினாள். "இது யாருது?"

"என் தலை" என்றான் தூன்.

சித்தி அவன் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, வெந்நீரில் குளித்து, காய்ந்த உடை மாற்றி, மூவரும் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார்கள். சித்தியின் போன் ஜன்னல் விளிம்பில் இருந்தது. அந்த வீட்டில் அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். எவுலாலியா வீட்டுக்குப் போகாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து சோளத்தை உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

 மழை ஓட்டுக்கூரையில் பெய்து, குறைந்து, மறுபடி பெய்தது. பலாஸ் அக்காவின் வலப்பக்கம் ஒட்டிக்கொண்டான். தூன் இடப்பக்கம். அம்மா எப்போது வருவாள் என்று இருவரும் கேட்கவில்லை. தாலினுக்கு அந்த மௌனம் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கேக்கணும்னா கேளுங்கடா" என்றாள்.

"உனக்குத் தெரியாதே" என்றான் தூன்.

"தெரியாதுதான். இருந்தாலும் கேளு."

"அம்மா எப்ப வருவா?"

"தெரியல. போன் வரும். வர்ற வரைக்கும் உக்காந்திருப்போம்."

"சரி" என்றான் தூன். அவள் தோளில் சாய்ந்தான்.

வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரத்தில் போன் அடித்தது. ஐந்து பேரும் ஒன்றாக எழுந்தார்கள். எவுலாலியாவின் மடியிலிருந்த சோளம் அறை முழுக்கச் சிதறியது. சித்தி போனை எடுத்தாள். 

"சொல்லுங்க மச்சான்... ம்... ம்... சத்தமா சொல்லுங்க, மழை பெய்யுது!"

ஸ்பீக்கரை அழுத்தினாள். அப்பாவின் குரல் கரகரத்தது.

"...முடிஞ்சுது. நல்லபடியா முடிஞ்சுது. இப்பதான் கண்ணு முழிச்சா. தண்ணி வேணும்னா. ஒரு ஸ்பூன்தான் குடுக்கலாம்னு நர்ஸ் சொன்னாங்க. ஒரு ஸ்பூனா, நான் என்ன குருவியான்னு நர்ஸ்கிட்ட கோவிச்சுக்கிட்டா!"

"கோவிச்சுக்கிட்டாளா?" சித்தி சிரித்தாள். சிரிக்கும்போதே கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. "கோவிச்சுக்கிட்டான்னா பிழைச்சுக்கிட்டா! எங்கக்காவை எனக்குத் தெரியாதா?"

"பத்து நாள் ஆகும் வீட்டுக்கு வர. பசங்க எப்படி இருக்காங்க?"

எல்லோரும் தாலினைப் பார்த்தார்கள்.

"இருக்கோம்ப்பா" என்றாள் தாலின். "மூணு பேரும் வீட்டுல இருக்கோம்."

அப்புறம் தம்பிகள் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரே நேரத்தில் இருவரும் கத்தியதில் அப்பாவுக்கு எதுவும் புரிந்திருக்காது. தாலின் மெல்ல எழுந்து பின்வாசலுக்குப் போனாள். சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காமல், ஆசை தீர அழுதாள். மூன்று நாள் அழுகை. முடித்ததும் மழைத்தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டாள்.

உள்ளே வந்தபோது சித்தி இலையில் மடித்து வேகவைத்த சோளமாவுக் கொழுக்கட்டைகளான தமால்களைச் சட்டியிலிருந்து எடுத்துத் தட்டுகளில் போட்டிருந்தாள். ஆவி பறந்தது. தாலினின் தட்டு காலியாக இருந்தது. தம்பிகளின் வாய்கள் நிறைந்திருந்தன.

"நீ வர லேட்டாச்சு" என்றான் பலாஸ், மென்றுகொண்டே.

தாலின் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். சட்டியிலிருந்து இரண்டு தமால்களை எடுத்துக்கொண்டாள். யோசித்து, மூன்றாவதையும் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அவ்வளவு பசித்தது.